பரங்கிப்பேட்டையில் ஒரு கண்ணாடி அறை

கடலோர வீடுகளுக்குக் கண்ணாடி அறை கட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. கடலைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். இரண்டும் உண்மைதான். மாடி பால்கனியையோ வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தையோ அலுமினியச் சட்டம் போட்டு, கண்ணாடி பொருத்தி மூடித் தருவோம். உள்ளே நாற்காலி போட்டுக்கொண்டு, மணலும் காற்றும் மேலே படாமல் கடலைப் பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது கடல். எனக்கு அது வெறும் உப்பு. திருகாணியைத் தின்னும், பூட்டைத் தின்னும், கண்ணாடிமேல் வெள்ளையாகப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வீட்டுக்காரர் போன் போட்டு என் பரம்பரையையே விசாரிப்பார்.

எங்கள் குடும்பம் குறிஞ்சிப்பாடிப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைத்த குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் பாலிடெக்னிக் படித்துவிட்டு இதில் வந்து மாட்டிக்கொண்டேன். பட்டறை சிதம்பரத்தில். கண்ணாடி எடுப்பது கடலூரில், திருப்பாப்புலியூர்க் கடையில். வேலை எல்லாம் தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் கரையோரமாகத்தான். இப்போது வருகிறவர்கள் போனில் படம் காட்டி 'சன் ரூம்' வேண்டும் என்கிறார்கள். குளிர் தாங்காத ஊர்க்காரன் வெயிலைப் பிடித்து வைக்கக் கட்டிய அறையைக் கடலூரில், சித்திரை வெயிலில், நான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்த மறுவாரமே அதற்கு ஏசி மாட்ட இன்னொரு ஆள் வருவான்.

என்னோடு வேலை செய்வது என் மச்சான், மனைவியின் தம்பி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அளவெடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரன். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாய் சொன்னதை இரண்டு தடவை நான் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பரங்கிப்பேட்டையில் அந்த வீடு கிழக்குப் பார்த்த மாடி வீடு. வாசலில் தெரு, தெருவைத் தாண்டினால் தென்னை, தென்னைக்கு அந்தப் பக்கம் கடல். வீட்டுக்காரர் வாழ்நாளில் பாதியை வெளிநாட்டில் கழித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார். மாடி பால்கனியை மூடிக் கண்ணாடி போட வேண்டும் என்றார். எவ்வளவு அகலம் என்று நான் கேட்டதற்கு, "ரெண்டு நாற்காலி போட்டா போதும் தம்பி. எனக்கு ஒண்ணு, அவுங்களுக்கு ஒண்ணு" என்றார். அவுங்க என்றது அவருடைய மனைவியை. அந்தம்மா உள்ளே சமையலறையிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. முகம் பார்க்கவில்லை.

சட்டம் எல்லாம் நிறுத்திவிட்டோம். மறுநாள் காலையில் கண்ணாடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வாசலில் ஏகப்பட்ட செருப்புகள். விடியற்காலையில் படுக்கையறையிலேயே அவர் மவுத்தாகிவிட்டார் என்றார்கள். நெஞ்சுவலி. கண்ணாடியை இறக்காமலே திரும்பிவிட்டோம்.

கணவன் இறந்தால் முஸ்லிம்களில் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. இத்தா இருப்பது என்பார்கள். நான் அந்த ஊரில் நிறைய வீடுகளுக்கு வேலை செய்தவன், அதனால் தெரியும். இத்தா முடிகிற வரைக்கும் வேலை நிற்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு வாரத்தில் அந்தம்மாவின் தம்பி போன் செய்தார். அறுபதைத் தொட்ட மனிதர். அக்காவுக்குத் துணையாக அந்த வீட்டிலேயே வந்து தங்கியிருந்தார்.

"தம்பி, அந்த வேலைய முடிச்சுக் குடுக்கணும். அக்காவால அந்த ரூம்ல இருக்க முடியல. அவரு போன ரூமு. மூச்சு முட்டுதுங்குறாங்க, சோறும் எறங்கல. மத்த ரூம்லயெல்லாம் வர்றவங்க போறவங்க. மேல உக்காந்தா கொஞ்சம் ஆசுவாசமா இருக்கும்ங்குறாங்க. ஆனா வெளியில இருந்து ஒருத்தரும் பாக்கக் கூடாது. அப்படிக் கண்ணாடி இருக்குதா?"

"இருக்கு பாய்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அது ரிஃப்ளெக்டிவ் கிளாஸ். வங்கிகளுக்கும் ஜவுளிக்கடைகளுக்கும் போடுவார்கள். வெளியே நின்று பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. உள்ளே இருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணாடி, கொஞ்சம் நீலம் பூத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சங்கதி உண்டு. எந்தப் பக்கம் வெளிச்சம் ஜாஸ்தியோ அந்தப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் அது முகக்கண்ணாடி. பொழுது சாய்ந்து உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ். உள்ளே இருப்பவர்களுக்கு அவர்கள் முகம் மட்டும் தெரியும். வெளியே இருப்பவனுக்கு அறை முழுக்கத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே இது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பாயிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொன்னால் அது பொய். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. ஜவுளிக்கடைக்காரர் யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை, பழக்கம் அப்படி. மச்சான்தான் கண்ணாடியை இறக்கும்போது கேட்டான்.

"மாமா, இருட்டுனப்புறம் உள்ள லைட் போட்டா?"

"இருட்டுல அங்க உக்காந்து என்னடா பண்ணப் போறாங்க? கடல் தெரியவா போவுது? புடி, புடி, கைய வுட்டுடாத."

இதுதான் நான் சொன்ன பதில்.

இரண்டு நாள் வேலை. நாங்கள் மாடிக்குப் போகும்போதும் இறங்கும்போதும் பாய் முன்னால் நடந்து குரல் கொடுப்பார், உள்ளறைக் கதவு சாத்திக்கொள்ளும். கடைசிக் கண்ணாடியைப் பொருத்தி, இடுக்கில் சிலிக்கான் பூசி முடித்தபோது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தம்மா கேட்டார்.

"தம்பி, வெளியில இருந்து ஒண்ணும் தெரியாதுல்ல?"

"ஒண்ணும் தெரியாதும்மா. நீங்க நிம்மதியா உக்காரலாம்."

"அல்லா உங்களுக்குப் பரக்கத் செய்வான்" என்றார்.

பாயைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னேன். உச்சி வெயில். கண்ணாடியில் மேகமும் தென்னங்கீற்றும்தான் தெரிந்தன. பாய் கண்ணுக்கு மேல் கையை வைத்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற மிதப்பு.

பத்து நாள் கழித்து பாயே கூப்பிட்டுச் சொன்னார். அக்கா மேலேதான் இருக்கிறார், தொழுவதும் ஓதுவதும் அங்கேயே, இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார், அங்கேயே படுத்துத் தூங்கிவிடுகிறார் என்று. "உங்க கண்ணாடிதான் தம்பி மருந்து" என்றார். அதை நான் வீட்டில் நாலு தடவை சொல்லிக் காட்டினேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதே ஊரில் வேறொரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனவன், முடித்துக்கொண்டு கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நேராக மெயின் ரோட்டுக்குப் போயிருக்கலாம். என் வேலையை ஒரு தடவை நானே பார்த்து ரசிக்க வேண்டும் என்று ஆசை. அந்தத் தெரு வழியாக பைக்கை விட்டேன். மஃரிபுத் தொழுகை முடிந்த நேரம். பள்ளிவாசலில் இருந்து கூட்டமாக ஆட்கள் வருகிற தெரு அது. அன்றைக்கு ஈ காக்கா இல்லை. ஏன் என்று எனக்கு ஒரு கேள்விகூட வரவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

அறை முழுக்க வெளிச்சம். இரண்டு நாற்காலி, தரையில் தொழுகை விரிப்பு, ஒரு செம்பில் தண்ணீர், எல்லாம் அப்படி அப்படியே தெரிந்தன. அந்தம்மா கண்ணாடிக்கு ஒட்டி வந்து நின்றிருந்தார். வெள்ளைப் புடவை. முக்காடு தோளில் கிடந்தது, தலைமுடி அவிழ்ந்திருந்தது. என்னையே நேராகப் பார்த்தார். வண்டி என் காலடியில் அணைந்துவிட்டது. ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. அவர் பார்த்தது என்னை இல்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை. கம்மல் இல்லாத காதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு உதடு கோணி, வாயைத் திறந்து, குழந்தைகள் அழுவதுபோல அழுதார். யாரும் பார்க்கவில்லை என்று முழுசாக நம்புகிறவர்கள் மட்டும்தான் அப்படி அழ முடியும். அந்த நம்பிக்கையைக் கொடுத்தவன் நான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய் அங்கேதான் கிளப்பினேன், சத்தம் கேட்டு அவர் கீழே பார்த்துவிடக் கூடாது என்று. பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மச்சானிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மாமா, பாய்கிட்ட சொல்லுங்க. அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவுரு ஏதாச்சும் பக்குவமா பண்ணிக்குவாரு" என்றான்.

நியாயமான பேச்சு. ஆனால் பாயின் முகத்தை என்னால் பார்க்க முடியும் என்று தோன்றவில்லை. மருந்து என்று சொன்ன மனிதர். அவரிடம் போய், உங்கள் அக்காவை ஒரு மாதமாக ஊர் பார்க்கும்படி வைத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத குரலிடம் சொல்வது எனக்குச் சுலபமாகத் தோன்றியது. கோழைத்தனம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. பாய் கடைத்தெருவுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, மறுநாள் பதினொரு மணிக்குப் போய் உள்ளறைக் கதவுக்கு வெளியே நின்றேன்.

"அம்மா, நான் கண்ணாடி மாட்டுனவன்."

"சொல்லுங்க தம்பி. அவன் வெளிய போயிருக்கானே."

"உங்ககிட்டதாம்மா சொல்லணும். பொழுது போனப்புறம் மேல லைட் போடாதீங்க. லைட் போட்டா... வெளியில தெரியும்மா."

உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எத்தன நாளா?"

"மாட்டுன நாள்ல இருந்தே அப்படித்தாம்மா. லைட் போட்டா மட்டும். பகல்ல ஒண்ணும் தெரியாது, சத்தியமா தெரியாது. ஒரு திரை போட்டுத் தரேன். சாயங்காலம் ஆனா இழுத்து வுட்டுக்கிட்டா போதும். காசெல்லாம் வேணாம்மா."

"பகல்ல தெரியாதுன்னு யாரு சொல்றது?"

"நான்தாம்மா."

"அப்பவும் நீங்கதான தம்பி சொன்னீங்க" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். கணக்குச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார். நான் என்னென்னவோ சொன்னேன். பாய் வந்ததும் தெருவில் நின்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வேறு கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்றேன். "வேணாம். நீங்க போங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல வைக்காமல் வந்துவிட்டேன்.

வருத்தம் இருந்தது, ஆனால் வரும் வழியில் ஒரு பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. தப்பு செய்தோம், நேரில் போய்ச் சொல்லிவிட்டோம், யோக்கியன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பாய் கூப்பிட்டார். "ஒருக்கா வந்துட்டுப் போங்க தம்பி." வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தெருமுனை டீக்கடையில் உட்காரவைத்து எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"அக்கா மேல போறதில்ல. கோந்து காய்ச்சி எடுத்துக்கிட்டுப் போயி, பழைய பேப்பரையெல்லாம் கண்ணாடி பூரா ஒட்டிட்டாங்க. அப்புறம் அவரு போன அந்த ரூமுக்கே வந்து படுத்துட்டாங்க. பழையபடி சோறு எறங்கல" என்றார்.

"பாய், நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்கு..."

"எனக்கு மொத நாளே தெரியும் தம்பி."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"மொத நாளு பள்ளிவாசல்ல இருந்து வரும்போதே பாத்துட்டேன். எம் பின்னால நாலு பேரு வந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லல. திரும்பி அந்தப் பின் சந்துக்குள்ள நடந்தேன், அவுங்களும் வந்துட்டாங்க. மறுநாளு எல்லாரும் சந்துலயே வந்தாங்க. நான் யாருகிட்டயும் கேக்கல. அவுங்களும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல. அந்தச் சந்துல சாக்கடை தொறந்து கெடக்கு. கண்ணு தெரியாத பெரியவுங்ககூட அதுலதான் தட்டித் தடவி வந்தாங்க. இந்த டீக்கடை பெஞ்ச பாருங்க, எந்தப் பக்கம் பாத்துக் கெடக்குது? சாயங்காலம் ஆனா இவரே அந்த வீட்டுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுருவாரு."

டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க மாத்த வருவீங்க. வந்தா அவுங்க ஏன்னு கேப்பாங்க. தெரிஞ்சுட்டா அங்க உக்காருவாங்களா? இன்னும் ரெண்டு மாசந்தான். ரெண்டு மாசம் ஒரு தெருவால கண்ண மூடிக்கிட்டு இருக்க முடியாதா?" என்றார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, "நீங்க எங்கிட்ட வந்திருக்கலாமே தம்பி" என்று மட்டும் கேட்டார்.

கெட்ட எண்ணத்தோடு செய்த தப்பை நினைத்து வருந்துவது ஒரு மாதிரி. இது அப்படி இல்லை. ஒரு தெருவே சாக்கடையில் நடந்து காப்பாற்றி வைத்திருந்ததை, நான் மனசாட்சி என்ற பெயரில் பதினொரு மணி வெயிலில் போய் உடைத்தேன். யாருடைய நிம்மதிக்காகப் போனேன்? என் நிம்மதிக்காக. இதை எழுதும்போதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

மீதி நாட்களை அந்தம்மா கணவர் இறந்த அறையிலேயே கழித்தார் என்றார்கள். அந்த வருஷம் ஐப்பசியில் விடாத மழை. பரங்கிப்பேட்டைப் பக்கம் வேலை வந்தால் மச்சானை மட்டும் அனுப்பினேன்.

இத்தா முடிந்ததும் மகள் வந்து அந்தம்மாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம், கண்ணாடியில் ஒட்டின பேப்பரைச் சுரண்டிக் கொடுக்க முடியுமா என்று பாய் கேட்டார். இதற்கு மச்சானை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. வாளியில் தண்ணீரும் பிளேடுமாக நானே தனியாகப் போனேன்.

மாடி இருட்டாக இருந்தது. மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரு விரல் இடம் விடாமல் ஒட்டியிருந்தார். சில இடங்களில் மூன்று மடிப்பு. கல்யாண விளம்பரம், பருவமழை, நகைக்கடை, யாரோ ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. தண்ணீர் அடித்து ஊறவைத்து, ஒரு மூலையில் இருந்து சுரண்டிக்கொண்டு வந்தேன். பாதி முடிந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில், பேப்பர்மேல் இரண்டு விரல் அகலத்துக்குத் தனியாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. மேல் விளிம்பில் மட்டும் கோந்து. கீழ் விளிம்பு கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. தூக்கினேன். அதற்கு அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, பேப்பரை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்.

மேல போறதில்லை என்று பாய் சொன்னாரே. போயிருக்கிறார். யாருக்கும் தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, ஒற்றைக் கண்ணை அதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தென்னைக்கு நடுவே கொஞ்சம் கடல் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியிலிருந்து யாராலும் எதையும் பார்க்க முடியாத பட்டப்பகலில், அந்தம்மா அதை இப்படித்தான் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடியிருக்கிறார்.